நான்கு குரல், ஒரு கார்ட்: பார்பர்ஷாப் குவார்டெட் தொடங்க

கேள்வி: அமெரிக்காவில் ஒகையோ மாநிலம் கொலம்பஸில் வேலை பார்க்கிறேன். போன கோடையில் இங்கே ஒரு ஊர்ச் சந்தையில் நான்கு பேர் வாத்தியமே இல்லாமல் பாடினார்கள். பார்பர்ஷாப் குவார்டெட் என்றார்கள். கடைசிச் சுரத்தைப் பிடித்து நின்றபோது ஐந்தாவதாக யாரோ மேலே பாடுவதுபோல் ஒலி எழுந்தது. அன்று முதல் அதே நினைப்பு. எங்களிடமும் நான்கு பேர் இருக்கிறோம். நான் எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவன், சுருதி 1 கட்டை. என் மனைவியும் கற்றவர், 5 கட்டை. ஒரு நண்பர் பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் டெனர் பாடியவர். நான்காமவருக்கு நல்ல அடிக்குரல், பயிற்சி கிடையாது. வீடியோ பார்த்து ஒரு பாட்டை முயன்றோம். தனித்தனியாகப் பாடினால் சரி, சேர்ந்தால் சந்தைக்கடை. இரண்டு பேருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் (மேற்கத்திய ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு) தெரியாது. தீபாவளி விழாவில் பாட ஆசை, ஐந்து மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட அந்த ஐந்தாவது குரல் பிரமை இல்லை. நல்ல தம்பூராவைச் சுத்தமாகச் சுருதி சேர்த்து மீட்டினால், எந்தத் தந்தியிலும் வைக்காத அந்தர காந்தாரம் மேலே மிதந்து கேட்குமே, அதே சங்கதிதான். பார்பர்ஷாப்காரர்கள் இதை 'ரிங்' என்பார்கள். எந்தக் குரலிலும் பாடும் சுரத்துக்கு மேலே அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் மெல்லிய மேல்சுரங்கள் கூடவே ஒலிக்கும். நான்கு குரல்களின் மேல்சுரங்களும் ஒரே இடத்தில் போய் விழும்போது, யாரும் பாடாத சுரம் காதுக்கு எட்டுகிறது. இந்தக் கலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதனால் பாட்டில் தொடங்காதீர்கள். ஒரே ஒரு கார்டில், அதாவது நால்வரும் ஒரே நேரத்தில் பாடும் ஒரு சுர அடுக்கில், தொடங்குங்கள். நீங்கள் நேராகப் பாட்டுக்குப் போனதுதான் சந்தைக்கடைக்குக் காரணம்.

முதலில் யார் எந்தக் குரல் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் சர்ச் கொயரில் பாடியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். கொயரில் மெட்டு மேலே சொப்ரானோவிடம் (உச்சக் குரல்) இருக்கும், டெனர் அதற்குக் கீழே பாடுவார். பார்பர்ஷாப்பில் மெட்டு மேலிருந்து இரண்டாவது குரலிடம் இருக்கிறது. அவர் பெயர் லீட். டெனர் என்பவர் மெட்டுக்கு மேலே, மெல்லிசாக, ஆண்களானால் பெரும்பாலும் கள்ளக்குரலில் பாடுபவர். பேஸ் அடியில் நின்று பெரும்பாலும் கார்டின் ஆதார சுரத்தையோ பஞ்சமத்தையோ பிடிப்பார். பாரிடோன், மற்ற மூவரும் எடுத்ததுபோக மிஞ்சிய சுரத்தைப் பாடுபவர். அது சில இடத்தில் மெட்டுக்குக் கீழே, சில இடத்தில் மெட்டுக்கு மேலே என்று தாவிக்கொண்டே இருக்கும். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே தோன்றாது.

ஆகவே உங்கள் சர்ச் நண்பர் டெனர் இல்லை, லீட். அவருக்கு நேரான குரலில் ஆங்கில வரிகளைப் பாடிப் பழக்கம் இருக்கிறது, அது பெரிய முதல். உங்கள் மனைவி டெனர். டெனர் வரியின் பெரும்பகுதி அவருக்கு மத்திய ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து தார ஸ்தாயி ரிஷபம் வரைக்குள் அடங்கிவிடும். உயரம் அவருக்குச் சிரமமே இல்லை. கீழ்ச் சுரங்களில் முழுக்குரலைக் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து. பேஸ் யார் என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் ஒரு சோதனை செய்யுங்கள். பியானோவில் நடு 'சி'க்கு ஒன்றரை ஸ்தாயி கீழே உள்ள 'எஃப்' வரை அவர் கரகரப்பில்லாமல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பாட்டின் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை ஏற்றுங்கள். அவர் தொண்டையை அழுத்தி உறுமக் கூடாது.

பாரிடோன் நீங்கள்தான். மெட்டு கிடைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். நால்வரில் கூர்மையான காது தேவைப்படுவது இந்த இடத்துக்குத்தான், எட்டு வருட சுருதி ஞானம் இங்கே செலவாவதுபோல் வேறெங்கும் ஆகாது. அதோடு, மெட்டு உங்கள் கையில் இருந்தால் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் பழக்கம், தானாக வந்துவிடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த ஒரு கார்ட். முதல் சந்திப்புக்கு நோட்டேஷன் வேண்டாம், சுரம் தெரிந்தால் போதும். சுருதியை 6½ கட்டையில் வையுங்கள். பேஸ் கீழ் ஷட்ஜம், நீங்கள் அதற்கு மேலே பஞ்சமம், லீட் அதற்கும் மேலே அடுத்த ஷட்ஜம், டெனர் அவருக்கு மேலே அந்தர காந்தாரம். எல்லோரும் ஒரு கை தூரத்துக்கும் குறைவான இடைவெளியில் அரைவட்டமாக நின்று, 'ஊ' என்று மெதுவாகப் பாடுங்கள். லீடும் பேஸும் நடுவில் நின்றால் நல்லது. நால்வரும் ஒரே நேரத்தில் நுழையாதீர்கள். முதலில் பேஸ். அவர்மேல் லீட் வந்து, இரண்டு ஷட்ஜங்களும் ஒரே குரல்போல் ஒட்டும்வரை காத்திருங்கள். பிறகு பஞ்சமம். கடைசியில்தான் காந்தாரம்.

காந்தாரம் நுழையும் கணத்தை உன்னிப்பாகக் கேளுங்கள். பேஸ் 100 ஹெர்ட்ஸில் பாடுவதாக வைத்துக்கொண்டால், சுத்தமான காந்தாரம் டெனருக்கு 250. பியானோவிலோ கீபோர்டிலோ அடித்துப் பார்த்துப் பாடினால் 252 வரும், ஏனென்றால் கீபோர்டின் காந்தாரம் சற்றுக் கூடுதலாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பேஸின் ஐந்து மடங்கு மேல்சுரம் 500, டெனரின் இரண்டு மடங்கு மேல்சுரம் 504. இந்த 4 ஹெர்ட்ஸ் வித்தியாசம் நொடிக்கு நான்கு தடவை 'வாவ்-வாவ்-வாவ்' என்று அலையடிக்கும். டெனர் ஒரு மயிரிழை இறக்கினால் அலை நிதானமாகி, நின்று, கார்ட் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய கணத்தில் சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோல் இருக்கும். யாரும் உரக்கப் பாடியிருக்க மாட்டார்கள். தொண்டைக்கு அலை நிற்கும் இடம் பழகும்வரை இதையே தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள்.

அது கைவந்ததும், மற்ற மூவரும் அசையாமல் இருக்க, லீட் மட்டும் ஷட்ஜத்திலிருந்து கைசிகி நிஷாதத்துக்கு இறங்கட்டும். இதோ பார்பர்ஷாப் செவன்த் கார்ட். ச, க, ப, நி: எல்லாம் உங்கள் ஹரிகாம்போஜியில் உள்ள சுரங்கள்தான். இந்த ஒரு கார்டைச் சுற்றித்தான் மொத்த பாணியும் கட்டப்பட்டிருக்கிறது. சுரங்களை நெருக்கி அடுக்கினால் அதிர்வெண்கள் 4:5:6:7 என்று நிற்கும். கவனம், இந்த நிஷாதம் நீங்கள் பாடிப் பழகிய கைசிகி நிஷாதத்தைவிடத் தாழ்ந்தது. கீபோர்டின் நிஷாதத்தைவிட ஏறக்குறைய 31 சென்ட் கீழே, அதாவது ஓர் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. பழக்கம் மேலே இழுக்கும். காதை நம்பி இறங்க வேண்டும்.

கமகத்துக்கு வருகிறேன். பாடத்தில் வராத அசைவு ஒன்றுகூட இருக்கக் கூடாது. காந்தாரத்தில் லேசான கம்பிதம் போட்டாலும் அந்த 250 என்பது 246-க்கும் 254-க்கும் இடையே ஆடும், பூட்டு திறந்துகொள்ளும். மேற்கத்தியப் பாடகர்களின் வைப்ரேட்டோவும் (குரல் அதிர்வு) இதே காரணத்துக்காகத்தான் இங்கே அடக்கப்படுகிறது. கமகத்தைக் கழற்றி வைக்க உங்களுக்கும் மனைவிக்கும் கையிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது: தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். சங்கராபரணத்தில், அசைவில்லாத சுரங்களாக, மேற்கத்திய மெட்டுகளை ஒட்டி வந்தவை. இரண்டு வாரம் அவற்றை 'லா' என்று, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்காமல், படியில் கால் வைப்பதுபோல் பாடுங்கள்.

அடுத்தது டேக். ஒரு பாட்டின் கடைசி நாலைந்து அல்லது எட்டு பார்கள் (தாளக் கட்டங்கள்) மட்டும் டேக். அந்த மரபின் மிகச் செழிப்பான கார்ட்கள் அங்கேதான் கொட்டிக் கிடக்கும். ஒருவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்திருக்க (அதற்குப் போஸ்ட் என்று பெயர்) மற்ற மூவரும் அவரைச் சுற்றிக் கார்டை மாற்றிக்கொண்டே போவார்கள். முப்பது நொடிதான், ஒரு மாலைப் பொழுதில் கற்றுவிடலாம். பார்பர்ஷாப்காரர்கள் கூடும் இடங்களில் நள்ளிரவு தாண்டியும் மாடிப்படி ஓரத்தில் டேக் பாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு குரலுக்கு ஒருவர்தான், நடுவில் புகுந்து கூடப் பாடுவது மரியாதைக் குறைவு. பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி டேக் தொகுப்புகளை இலவசமாகவே தருகிறது. முதல் நான்கு வாரத்துக்கு இரண்டு டேக் போதும். முதலில் அதற்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

அந்தச் சொசைட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1938 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் டல்சாவில் ஓவன் கேஷ், ரூபர்ட் ஹால் என்ற இருவர் கூப்பிட்ட கூட்டத்திலிருந்து வளர்ந்தது, இப்போது தலைமையகம் நாஷ்வில்லில். கலை அதைவிடப் பழையது. தெற்கத்திய மாநிலங்களின் கறுப்பின மக்கள் முடிதிருத்தும் கடைகளிலும் தெருமுனைகளிலும் காதால் கேட்டுக் கேட்டே கட்டிய ஹார்மனி இதன் வேர். லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருவில் நால்வர் குழுவில் பாடியவர். அப்படியிருந்தும் அந்த அமைப்பு 1963 வரை கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்கவில்லை. கோடு போட்ட கோட்டையும் வைக்கோல் தொப்பியையும் பார்த்து இது வெள்ளைக்காரர்களின் கலை என்று பலர் நினைப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் 1945-இல் டல்சாவிலேயே ஸ்வீட் அடலைன்ஸ் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். 2018 முதல் பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டியிலும் பெண்கள் முழு உறுப்பினராகலாம். எனவே உங்கள் கலப்புக் குழுவுக்கு எந்தத் தடையும் இல்லை.

நோட்டேஷன் தெரியாத இருவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பார்பர்ஷாப் உலகில் பலர் லேர்னிங் டிராக் வைத்துத்தான் கற்கிறார்கள். பாட்டின் ஒலிப்பதிவில் ஒரு காதில் உங்கள் குரல் மட்டும், மறு காதில் மற்ற மூன்றும் வரும். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் கேளுங்கள். பிறகு உங்கள் பக்கத்தோடு சேர்ந்து பாடுங்கள். பிறகு உங்கள் குரல் வரும் பக்கத்து இயர்போனைக் கழற்றிவிட்டு மற்ற மூன்றோடு மட்டும் பாடுங்கள். தவறு எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். பாடியதைப் போனில் பதிவு செய்து குழுவுக்கு அனுப்பிய பிறகே ஒத்திகைக்கு வரலாம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை என்பது பாட்டை மனப்பாடம் செய்யும் இடம் இல்லை, ஒட்ட வைக்கும் இடம். தாளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மேல் ஸ்டாஃபில் தண்டு மேல்நோக்கிய புள்ளி டெனர், கீழ்நோக்கியது லீட். கீழ் ஸ்டாஃபில் அதேபோல் பாரிடோன், பேஸ். மேல் ஸ்டாஃபின் குறிக்குக் கீழே சின்னதாக 8 என்று போட்டிருந்தால், எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும்.

பாட்டு வாங்கும்போது நான்கு பேருக்கு நான்கு பிரதி வாங்குங்கள், ஒன்றை வாங்கி நகலெடுப்பது சட்டப்படி தவறு. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்த பழைய பாட்டுகளுக்கு உரிமைத் தொல்லை இல்லை, ஆனால் அவற்றின் புது ஹார்மனி அமைப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். முதல் பாட்டு அந்தப் பழையவற்றில் ஒன்றாகவே இருக்கட்டும். தமிழ்ப் பாட்டை எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இந்த ஐந்து மாதத்தில் வேண்டாம். ராகத்தின் சாரம் அசைவில் இருக்கும் மெட்டை நான்கு சுரத் தூண்களில் நிறுத்தினால் ராகமும் போகும், கார்டும் வராது.

இனி, கூடிப் பாடும்போது எது கெடும் என்பது. முதலாவது அளவு. கார்டின் உச்சியில் உள்ள சுரம் தானாகவே காதில் முன்னால் வந்து நிற்கும். அதனால் டெனர் தனக்கே போதவில்லை என்று தோன்றும் அளவுக்கு மெதுவாகப் பாட வேண்டும். பேஸும் லீடும் தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் ஒவ்வொரு கார்டிலும் எந்தச் சுரத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஷட்ஜம், பஞ்சமம் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள், காந்தாரம், நிஷாதம் என்றால் குறையுங்கள். நீங்கள் மெட்டுக்கு மேலே தாவும் இடங்களைத் தாளில் வட்டமிட்டு வையுங்கள், அங்கே டெனர்போலவே மெல்லிசாகிவிட வேண்டும்.

இரண்டாவது உயிரெழுத்து. கார்ட் சுருதியில் சரியாக இருந்தும் பூட்டவில்லை என்றால் நூற்றில் தொண்ணூறு இடத்தில் நால்வரின் வாயும் நான்கு வடிவத்தில் இருக்கும். ஒருவர் 'ஆ' என்பது இன்னொருவருக்கு 'ஓ'வுக்குப் பக்கத்தில் இருந்தால் மேல்சுரங்கள் சேராது. இதில் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஐ, ஔ தவிர நம் நெடில்கள் தொடங்கிய வடிவத்திலேயே முடியும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'நைட்' என்பதில் 'ஐ' உள்ளது, 'ஐ' என்றால் அ, இ இரண்டும் சேர்ந்தது என்று நம் இலக்கணமே சொல்கிறது. சுரம் நான்கு எண்ணிக்கை நீண்டால் நான்கும் 'ஆ'தான். 'இ' கடைசி நொடியில், நால்வரும் ஒன்றாக. 'டே' என்பதும் அப்படியே, 'ஏ'யைப் பிடித்து விளிம்பில் 'இ'. வார்த்தை முடிவில் வரும் அமெரிக்க 'ர்' வந்தவுடன் தொனி மூடிக்கொள்ளும், அதையும் கடைசிக்குத் தள்ளுங்கள். நமக்கே உரிய தொல்லை 'ட'. நாக்கை மேலண்ணத்தில் மடிக்காமல் பல்லின் பின்னுள்ள மேட்டில் தட்டி எடுங்கள்.

மூன்றாவது, பாட்டு முடியும்போது சுருதி இறங்கியிருப்பது. பிட்ச் பைப் ஒன்று வாங்குங்கள். 'எஃப்' முதல் 'எஃப்' வரை 13 சுரம் ஊதும் வட்டமான கருவி. ஆரம்பச் சுரத்தை ஊதிப் பாடி, முடிந்ததும் மறுபடி ஊதிப் பாருங்கள். புதிய குழுக்கள் அரைக் கட்டை இறங்கியிருப்பது சர்வ சாதாரணம். காரணம் பெரும்பாலும் இதுதான்: இறங்கும்போது படியை அகலமாக வைக்கிறோம், ஏறும்போது குட்டையாக வைக்கிறோம், ஒரே சுரம் நாலைந்து தடவை திரும்ப வந்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளர்கிறோம். மூச்சு தீர்ந்த வாக்கிய முடிவுகளில் இது இன்னும் மோசமாகும். எனவே மூச்சு எடுக்கும் இடங்களை நால்வரும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும் சுரத்தை ஒவ்வொரு தடவையும் சற்று மேலே எய்வதாக நினைத்துப் பாடுங்கள். அப்படியும் இறங்கினால் பாட்டையே அரைக் கட்டை ஏற்றித் தொடங்கிப் பாருங்கள், பல குழுக்களில் அதுவே தீர்வாகிவிடுகிறது. மற்ற மூவருக்கும் அளவுகோல் லீட்தான். லீட் ஷட்ஜத்தை மறந்தால் மற்றவர்கள் சரியாக இருந்தும் பயனில்லை.

இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். நான்கு பேரிலிருந்து ஆறு ஜோடிகள் கிடைக்கும். ஒத்திகையில் ஒவ்வொரு வரியையும் இரண்டிரண்டு பேராகப் பாட, மற்ற இருவர் கேட்கட்டும். பேஸ்–லீட் ஜோடியில் தொடங்குங்கள், அது நிற்காத வீட்டில் மற்றதைக் கட்ட முடியாது. லீட்–பாரிடோன் ஜோடி அடுத்தது, உங்கள் இருவர் வரிகளும் குறுக்கே வெட்டிக்கொள்வதால் நீங்கள் மெட்டில் வழுக்கி விழும் இடம் அங்கே வெளிப்பட்டுவிடும். வாரம் இரண்டு மணி நேர ஒத்திகையில் அரை மணி கார்ட், அரை மணி டேக், மீதி பாட்டு. வீட்டில் தினம் அரை மணி.

இதோடு, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பார்பர்ஷாப் கோரஸ் ஒன்றின் வார ஒத்திகைக்கு நால்வரும் விருந்தினராகப் போய்வாருங்கள். ஒகையோ பகுதி ஜானி ஆப்பிள்சீட் மாவட்டம் என்ற பிரிவில் வருகிறது, சொசைட்டியின் தளத்தில் அருகிலுள்ள கிளையைத் தேடலாம். புதியவர்களை அருகில் நிறுத்திப் பாட வைப்பார்கள். முப்பது பேர் பூட்டிய கார்டின் நடுவில் ஒரு தடவை நின்றால், காதுக்கு இலக்கு தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு: இரண்டு டேக், ஒரு பாட்டு, அவ்வளவு. ஐந்தாவது வாரம் பாட்டைக் கையில் எடுத்தால் பத்தாவது வாரம் தாள் இல்லாமல் பாடலாம், மீதி இரண்டரை மாதம் மெருகுக்கு. மேடையில் ஆளுக்கொரு கை மைக் கொடுக்க வருவார்கள், வாங்காதீர்கள். நால்வரின் அளவை நீங்கள் மாதக்கணக்கில் காதால் சரிசெய்து வைத்திருப்பதை ஒலிப்பெட்டிக்காரர் ஒரு நொடியில் மாற்றிவிடுவார். நிலைக்கம்பியில் ஒரே ஒரு கண்டென்சர் மைக், அதிலிருந்து இரண்டு, மூன்று அடி தள்ளி அதே அரைவட்டம். எக்கோவை முழுவதும் அணைக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் வெறும் அரங்கில் அந்த 6½ கட்டைக் கார்டை ஒரு தடவை பாடிப் பாருங்கள். முதல் வரிசையில் யாரையாவது உட்கார வைத்து டெனர் தூக்கலாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், இருந்தால் உங்கள் மனைவி அரை அடி பின்னால் நிற்கட்டும்.